மருந்துக்கடை முனையில் இடது பக்கம்

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். மருந்துக்கடை முனையில் ரோடு இரண்டு சந்தாகப் பிரியும். வலது சந்தில் எங்கள் கடை, இடது சந்தில் சவப்பெட்டி செய்பவர். அவர் கடையை எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடை அடுத்த தெருவுக்கே தெரியாது.

மெயின் ரோட்டில் ஏசி சலூன் வந்ததிலிருந்து இவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த முதலாளியே இவரை வேலைக்குக் கூப்பிட்டார். சீருடை உண்டு, சம்பளம் உண்டு, வருகிறவர்களிடம் பேசக் கூடாது. பாட்டுப் போடுவார்களாம். இந்த மனிதருக்கு வாய் அசைந்தால்தான் கத்தரிக்கோலே நகரும்.

"இந்த மாசம் பார்ப்போம். ஆள் வரலேன்னா அங்கயே போயிடறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, நோட்டீஸ் அடிக்கலாம் என்றேன்.

அதற்கும் கையில் காசில்லை. ஸ்பான்சர் பிடிக்க நானே கிளம்பினேன். டிரைவிங் ஸ்கூல்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு. நோட்டீஸில் ஒரு மேப் போட வேண்டும், அது அவர் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறுநாள் சவப்பெட்டிக்காரர் தானாகவே தேடி வந்தார்.

"நானும் கொஞ்சம் தரேம்மா. மூலைல சின்னதா என் பேரைப் போட்டாப் போதும்."

இது மருந்துக்கடைக்காரர் காதுக்குப் போயிற்று. "என் பேருக்குக் கீழ அவர் பேரா? மருந்து வாங்கறவங்க என்னம்மா நினைப்பாங்க?"

நியாயம்தான். வேண்டாம் என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சவப்பெட்டிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "பழக்கம்தாம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மேப்பை நானே வரைகிறேன் என்று இவர் உட்கார்ந்தார். எங்கே? தன் சலூன் நாற்காலியில். இவருக்கு எல்லாமே கண்ணாடி வழியாகத்தான். வந்தவரிடம் பேசுவது, தெருவில் போகிறவரை நலம் விசாரிப்பது, என்னை முறைப்பது, எல்லாம். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தெருவை அச்சு அசலாக வரைந்தார். நானும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் தன் கடை பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அச்சகத்தில் அம்புக்குறிக்குச் சிவப்பு அடித்துக் கொடுத்தார்கள். என் நாத்தனார் அதைத் தெருத்தெருவாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆள் வரத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"உங்க நோட்டீஸைப் பார்த்து நடந்தா நேரா சவப்பெட்டிக் கடைக்குள்ள போயிட்டேங்க. அவர் என் தலையைப் பார்த்தார். 'உங்களுக்கு இன்னும் நேரம் வரல, எதிர்ச் சந்துக்குப் போங்க'ன்னார்."

இவர் கை நின்றது. ஒரு நோட்டீஸை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் வழி சரியாக இருந்தது.

ஒரு வாரத்தில் இந்தக் கதை எங்கும் பரவிவிட்டது. வழி தெரிந்தவர்கள்கூட முதலில் அங்கே தலையைக் காட்டி, திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு இங்கே வந்தார்கள். மாதக் கடைசியில் இவர் ஏசி சலூனுக்குப் போய் வேலை வேண்டாம் என்று சொன்னார். அதைச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வேண்டாம் என்று நான் துரத்திய மனிதர் எங்கள் கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நேரே அவர் கடைக்குப் போனேன். பலகை இழைத்துக்கொண்டிருந்தார். வாசலில் புதிதாக ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு கூஜா தண்ணீரும் டம்ளரும். வழி தவறி வருகிறவர்களுக்காம்.

"அடுத்த தடவை வழியைச் சரி பண்ணிடறோங்க. உங்க பேரையும் போட்டுடறோம். மருந்துக்கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி" என்றேன்.

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷத்துல இந்தக் கடைய விட்டு யாரும் சிரிச்சுக்கிட்டு வெளிய போனதில்லம்மா. பேரெல்லாம் வேண்டாம். அந்த அம்புக்குறிய மட்டும் மாத்திடாதீங்க."