பச்சையாகவே இருந்த பதினேழு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். வைஃபை வரவில்லை என்று யாராவது போன் செய்தால் போதும், சுர்ரென்று ஏறிவிடும். கூரைகளில் அறுபத்திரண்டு வைஃபை பெட்டிகள் மாட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பச்சை என்றால் கோளாறு இல்லை, மஞ்சள் என்றால் திணறுகிறது, சிவப்பு என்றால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அதில் பதினேழாம் பெட்டி என் செல்லப்பிள்ளை. மூன்றாம் மாடி வார்டில் இருப்பது. இரண்டு வாரமாக ஒரு தடவைகூட மஞ்சளாகவில்லை. அந்த வார்டு நர்ஸ் மட்டும் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். நோயாளியின் மெஷின் எச்சரித்தால் வைஃபை வழியாக அவளுடைய போன் அடிக்க வேண்டும், அடிப்பதில்லையாம். இங்கே பச்சையாகத்தான் இருக்கிறது, உங்கள் போனை மாற்றுங்கள் என்று மூன்றாவது முறை வள்ளென்று விழுந்தேன்.

அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றதும், கையைக் காலைப் பிடித்து அந்த வார்டிலேயே கட்டில் வாங்கினேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள். கட்டடத்திலேயே நல்ல சிக்னலுக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேன் என்று அக்கா வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன் வேறு.

ஆபரேஷனுக்கு மறுநாள் மதியம் மாமா போன் செய்தார். அக்காவுக்கு மூச்சுத் திணறி உதடெல்லாம் நீலமாகிவிட்டதாம். நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டாளாம், இப்போது பயமில்லையாம். பதறிப்போய்ப் பதிவுகளைத் தேடினேன். மெஷின் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. நர்ஸின் போனுக்குப் போய்ச் சேரவில்லை. பதினேழோ பச்சைப்பசேல் என்று இருந்தது. திரையில் இடம் போதவில்லை என்று நானே மறைத்து வைத்திருந்த ஒரு பத்தியைத் திறந்தேன். இணைந்திருக்கும் கருவிகள்: பூஜ்யம். இரண்டு வாரமாகவே பூஜ்யம். ஒரு போனைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத பெட்டியில் கோளாறு எப்படித் தெரியும்? மடையன், நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படி ஏறியதே நினைவில்லை. அக்கா சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் கட்டிலருகே நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையதுதான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். போனே அடிக்காதபோது எப்படி வந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கத்தினீங்கல்ல சார்? இனிமே இவர் சரி பண்ண மாட்டார்னு புரிஞ்சுபோச்சு. அதிலேருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கட்டிலா நானே போய்ப் பாத்துடறேன்," என்றாள். குரலில் குத்தல் துளியும் இல்லை.

அந்த வார்டில் இருபது கட்டில்கள். அவள் கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது; கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"எங்க அக்காவைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க சிஸ்டர். சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல அந்தப் பெட்டியை மாத்துங்க சார்," என்றாள். "கால் வலி தாங்கலை."