முதல் பந்திக்குப் பதின்மூன்று புள்ளி

எங்கள் ஆபீசில் செய்கிற வேலைக்கு மட்டுமல்ல, மனதில் வைத்திருக்கும் கோபத்துக்கும் புள்ளி போடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை, ஏழாவது மாடிக் கண்ணாடி அறையில் கூடி, அடுத்த இரண்டு வாரம் யார் எதைச் சுமப்பது என்று முடிவு செய்வோம். நான் தண்ணீர் கேன் மாற்றுகிறவன். எனக்கும் ஒரு கட்டு அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று எண்கள் இருக்கும். நாலு கிடையாது. நாலு அளவுக்குக் கஷ்டமான காரியம் உலகத்தில் எதுவும் இல்லை.

வேலையை மஞ்சள் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். அதிகம் காட்டியவரும் குறைவாகக் காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே எண்ணைக் காட்டிவிட்டால் பேச்சே கிடையாது.

என் சீட்டு வெகு காலமாக இடது மூலையில் இருந்தது. "முனிரத்தினம் ஐயா: தம்பி மேல் கோபம்." என் தம்பி தணிகாசலம் தன் மகள் கல்யாணத்தில் என்னை முதல் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டான். நான் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தேன். உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. அப்போது மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். அவன் என் தோளைத் தொட்டு, "அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றான். எழுந்தேன். இரண்டாம் பந்திக்கு இருக்கவில்லை, ஈரக் கையோடு பஸ் ஏறிவிட்டேன். அதற்கு அவன் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வர வேண்டியதில்லை.

நான் எப்போதும் பதின்மூன்று காட்டுவேன். நாகர்கோவில் பக்கத்துப் பையன் கனிராஜ் இரண்டு காட்டுவான். "ஒரு சாப்பாடுதானே ஐயா. வெளியாளையா எழுப்ப முடியும்?" என்று காரணம் சொல்வான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைசியில் எட்டு என்று முடிப்பார்கள்.

சுவரில் மீதிப் புள்ளியைக் காட்டும் ஒரு கோடு உண்டு. வேலை முடிய முடிய அது இறங்கி, இரண்டாவது வெள்ளிக்கிழமை தரையைத் தொட வேண்டும். எங்கள் கோடு எட்டில் வந்து நின்றுவிடும். சில மதியங்களில் சுவரை விட்டு வெளியே நீண்டு அறைக்குக் குறுக்கே கிடக்கும். எல்லோரும் குனிந்து அதன் கீழே போய்த் தங்கள் நாற்காலியில் உட்காருவார்கள்.

எங்கள் குழுவுக்குத் தலைவி நிலோஃபர். அவள் ஒரு திங்கட்கிழமை என்னிடம், "ஐயா, உங்ககிட்ட சுமை ஜாஸ்தி. கனிராஜ்கிட்ட எட்டுப் புள்ளிக்கு இடம் இருக்கு. அவர்கிட்ட குடுத்துடலாம்" என்றாள். ஒழுங்காக வைத்திருப்பானா என்று கேட்டேன். அவன் எதை எடுத்தாலும் ஒழுங்காகச் செய்வான் என்றாள்.

ஒரு மதியம் முழுக்கக் கனிராஜுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தம்பி பேர் காதில் விழுந்தால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும், கல்யாணத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே எவ்வளவு சாப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டான். அவன் கற்று முடித்தபோது என் தோளில் அந்தக் கை பட்ட இடம் குளிர்ந்து அடங்கிவிட்டது. மறுநாளிலிருந்து கால் தரையில் பதியவில்லை. நிறைந்த கேனைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

கனிராஜ் நன்றாகவே செய்தான். மீசை நரைத்தது. நடுவில் ஒரு திருத்தம் சொல்லப் போனேன். "இது இப்ப என் வேலை ஐயா" என்றான்.

இரண்டாவது வாரம் தணிகாசலம் லிஃப்டில் வந்து இறங்கினான். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, வாழைப்பழம். என்னைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான். கொடுத்தேன். குடித்துவிட்டு நேராகக் கனிராஜ் இருக்கைக்குப் போனான்.

"அண்ணே, தப்பு என்னோடதுதான். மனசுல வச்சுக்காதீங்க."

கனிராஜ் நான் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு முறை முகத்தைத் திருப்பினான். மூன்றாவது முறை அழுதுகொண்டே தட்டை வாங்கினான். சீட்டு முடிந்த வேலைகளின் பக்கம் போனது. கோடு தரையைத் தொட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தம்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்தேன்.

என் கோபத்தைத் திருப்பித் தரும்படி நிலோஃபரிடம் கேட்டேன். முடிந்த வேலையை மறுபடி திறப்பதில்லை என்றாள். "புதுசா ஏதாவது நடந்தா சொல்லுங்க ஐயா, சீட்டுப் போட்டுக்கலாம்."

முடிந்த வேலையை வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்ட வேண்டும். கண்ணாடி அறையில் இலை போட்டார்கள். கனிராஜ் முதலில் உட்கார்ந்தான். தணிகாசலம் வாளியைத் தூக்கிப் பரிமாறினான். கனிராஜ் பக்கத்தில் ஓர் இலை காலியாக இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் தணிகாசலம், "நீங்களும் உட்காருங்க ஐயா" என்றான். உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது.

லிஃப்ட் திறந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். அதே பட்டுப்புடவை. தலையில் வைத்த பூ வாடியிருக்கவில்லை.

தணிகாசலம் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நிலோஃபரைத் தாண்டினான். கனிராஜைக் கொஞ்ச நேரம் பார்த்து, அவனையும் தாண்டினான். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்தான். அவன் கை என் தோளில் அதே இடத்தில் பட்டது.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றான்.

எழுந்தேன். கால் தரையில் நன்றாகப் பதிந்தது.

நிலோஃபர் ஒரு புதுச் சீட்டு எழுதினாள். எல்லோரும் இடது கையால் அட்டையைத் தூக்கினார்கள். என் இலையில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவும் மென்றுகொண்டே தூக்கினார். எல்லாம் பதின்மூன்று. கனிராஜும் பதின்மூன்று. தணிகாசலத்திடம் அட்டை இல்லை. என் அட்டைக்கட்டை அவனிடம் நீட்டினேன். தேடிப் பார்த்துப் பதின்மூன்றை உருவிக் காட்டினான். யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பந்திக்குத் தண்ணீர் போதாது. கேன் எடுக்கப் போனேன். பழையபடி கனத்தது. தம்பி வந்து ஒரு பக்கம் பிடித்தான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபக்கம் பிடித்தேன். வெளியே, ஏழாவது மாடி உயரத்தில், இரண்டாம் பந்திக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள்.