தொண்டை வலி தொடங்கிய நாள்

கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன் தம்பி மேக்ஸ்வெல்லின் காலர் பொத்தானைப் போட்டுவிட்ட ஜாஸ்லின், அதைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. பொத்தான் போட்ட பிறகும் இரண்டு விரல் நுழைகிற இடம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே கழுத்து, தாடை எது தோள் எது என்று தெரியாமல் வீங்கிக் கிடந்தது. இப்போது வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, தம்பிதான் இல்லை. எப்படி என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

திருமுல்லைவாயில் வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே, ஆளாளுக்கு டாக்டராகியிருந்தார்கள். டிப்தீரியா சின்னப் பிள்ளைகளுக்குத்தானே வரும், முப்பத்தாறு வயது ஆளுக்கு எப்படி என்றார் ஒருவர். மருந்தின் வேகம் தாங்கவில்லை என்றார் இன்னொருவர். இருவருமே மாஸ்க்கைக் கழற்றவில்லை, படியேறி உள்ளே வரவுமில்லை.

டாக்டர் சொன்னதில் ஜாஸ்லினுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. கிருமி தொண்டையில்தான் உட்காரும். அது விடுகிற விஷம் இரத்தத்தில் கலந்து இதயம் வரைக்கும் போய்விடும். விஷமுறிவு ஊசி இரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்குமாம், உள்ளே இறங்கிவிட்டதை ஒன்றும் செய்யாதாம். தொண்டையில் படர்ந்திருந்த சாம்பல் நிறப் படலமெல்லாம் போய், ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்ட மேக்ஸ்வெல், அதிலிருந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்தவன் அப்படியே விழுந்தான். அப்படியானால் ஊசியை முன்னாலேயே போட்டிருந்தால்? அதை அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. பயம்தான்.

வெள்ளிக்கிழமை தொண்டை வலி என்றான். சனிக்கிழமை கழுத்து வீங்கியது. பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து, பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டவள் ஜாஸ்லின். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் மனைவி பெனிஷா இரண்டு முறை கேட்டாள். தங்கம் பட்டால் தானாக வடிந்துவிடும் என்று ஜாஸ்லின் அடித்துச் சொன்னாள். திங்கட்கிழமை காலை அவனுக்கு எச்சில்கூட இறங்கவில்லை.

பதினொரு மணிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் சுலோசனா ஒரு படிவத்தோடு வந்தார். நோய் தொற்றாமல் இருக்க வீட்டில் எல்லாருக்கும் கொடுத்த மாத்திரையை முழுசாகப் போட்டு முடித்தீர்களா என்று விசாரித்தார். இறப்பு விசாரணை, எழுதியே ஆக வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு பெனிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல தொண்டை வலின்னு என்னிக்கும்மா சொன்னாரு?"

பெனிஷா நிமிர்ந்து ஜாஸ்லினைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"திங்கக்கெயம காலைல," என்றாள். "அன்னிக்கே இட்டுகினு போய்ட்டோம்."

சுலோசனா எழுதிக்கொண்டார். ஒரு நொடி ஜாஸ்லினுக்கு உடம்பெல்லாம் லேசானது. அடுத்த நொடி தன்மேலேயே அருவருப்பு வந்தது. அழுது அழுது இவளுக்கு நாள் குழம்பிவிட்டதா? இல்லை, என்னைக் காப்பாற்றுகிறாளா? என்னை ஏன் காப்பாற்ற வேண்டும்? முதல் நாளே ஊசி போட்டும் பிழைக்கவில்லையா என்று சுலோசனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படிவத்தை மறுபடி பார்த்தார்.

"வெள்ளிக்கெயமயே வலின்னான் சிஸ்டர்," என்றாள் ஜாஸ்லின். "மறுநாளு கயுத்து வீங்கிச்சி. பொன்னுக்கு வீங்கின்னு நாந்தான் ஊட்லயே வெச்சிகினேன்."

சுலோசனா திங்களை அடித்துவிட்டு, மேலே வெள்ளி என்று எழுதி, சரிதானா என்று பெனிஷாவிடம் காட்டினார்.

பெனிஷா அதைப் படிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, பேனாவை நர்ஸிடம் கொடுக்காமல் ஜாஸ்லின் பக்கம் நீட்டினாள். அதை வாங்க ஜாஸ்லினுக்குக் கை எழவில்லை. பெனிஷா நீட்டியபடியே இருந்தாள்.