ஒன்றரை விரல் பெட்ரோல்

ரெங்கசாமி வாய் செத்தவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐயோ பாவம் என்று நீங்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். பிரிக்பீல்ட்ஸ் வாடகைக் கார் ஸ்டாண்டில் அவன் வாய்தான் பெரிய வாய். எந்த மேட்டுக்கு எந்த கியர், எந்த வளைவில் எந்தப் பள்ளம், டெங்கில் ஊர் வரைக்கும் போய்வர எத்தனை கேலன் என்று எடுத்துவிட்டானானால் மற்ற டிரைவர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பேர்ப்பட்ட வாய், ரயில்வே வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் மச்சான் கன்னையாவின் வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் சோற்றுக்குத்தான் திறக்கும்.

கன்னையா, ரெங்கசாமியின் செத்துப்போன மனைவி இராஜம்மாவின் அண்ணன். இராஜம்மா பிரசவத்தில் பிள்ளையோடு சேர்ந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ரெங்கசாமிக்கு இரண்டு வேளைச் சாப்பாடு அந்த வீட்டில்தான். பரிமாறுகிறவள் இராஜம்மாவின் தங்கை புஷ்பவல்லி. மீன் குழம்பு வைக்கிற நாளில் தலைத்துண்டு யாருக்கும் போகாமல் அவனுக்காகச் சட்டியின் அடியில் கிடக்கும். அவள் இரண்டாம் முறை சோறு போட வரும்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் இவர்களுடைய இரண்டு வருஷத்துக் கதை.

அக்காள் இருந்த இடத்துக்குத் தங்கை வருவது நம் சனங்களிடம் இல்லாத வழக்கமா? ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பெண்வீட்டுக்காரன் வலியப் போய்க் கேட்டால் தங்கச்சியின் மதிப்பு போய்விடும் என்று கன்னையா காத்திருந்தான். அவனே கேட்கட்டும், மாட்டேன் என்றா சொல்லப் போகிறேன் என்று ரெங்கசாமி காத்திருந்தான். ஒரே ஒரு தடவை கன்னையா கொஞ்சம் இறங்கி வந்தான்.

"எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை இப்படி ஒண்டியா இருப்பீங்க?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது. நம் ஆள் என்ன சொன்னான் தெரியுமா?

"எனக்கென்ன மச்சான், என் கார் இருக்கு!"

சொன்னதோடு விட்டானா, கெக்கெக்கே என்று சிரிக்கவும் செய்தான். கர்மம்.

முப்பத்தொன்றாம் வருஷம் வந்தது. ரப்பர் விலை படுத்துக்கொண்டது, ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, போகிற வருகிற இடமெல்லாம் ஆளைக் குறைத்தார்கள். கன்னையாவுக்கும் சீட்டுக் கிழிந்தது. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்று சொன்னதும் அவன் பெண்சாதி பிள்ளைகளை முதல் கப்பலிலேயே ஏற்றி அனுப்பிவிட்டான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அவன் போக வேண்டியதுதான் மிச்சம்.

"ஊர்ல எங்க மாமன் மவன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான். தையில இவளை முடிச்சிரலாம்னு பாக்குறேன்" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான்.

ரெங்கசாமி கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டான். தண்ணீரைக் குடித்து இறக்கிக்கொண்டான். அப்போதாவது கேட்டிருக்கலாம். வந்தது வேறு வார்த்தை.

"ரயில்ல எதுக்கு மச்சான்? துறைமுகம் வரைக்கும் நானே கார்ல கொண்டாந்து விடுறேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்பதற்கு அவன் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கார். பெட்ரோல் டாங்கி முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. சீட்டைத் தூக்கி, ஒரு குச்சியை விட்டு, நனைந்த இடத்தை விரலால் அளக்க வேண்டும். பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்பும் கிடையாது; மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி அதுவாக ஓடித்தான் இன்ஜினுக்குப் போக வேண்டும். டாங்கி நிறைந்திருந்தால் எந்த மேட்டிலும் கவலையில்லை. அடிமட்டத்துக்கு வந்திருக்கும்போது செங்குத்தாக ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். இன்ஜின் மேலே போய்விடும், பெட்ரோல் கீழே தங்கிவிடும், கார் நின்றுவிடும். துறைமுகத்துக்குப் போகிற கிள்ளான் ரோட்டில் பாதி தூரத்தில் அப்படி ஒரு மேடு இருந்தது. டிரைவர்கள் அதை மூக்குத்தூக்கி என்பார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான். பெட்ரோல் வேண்டுமென்றால் முன்னால் ஆறு மைல், பின்னால் ஆறு மைல்.

அங்கே கார் நின்றால் கப்பல் போய்விடும். மூன்று மணிக்குள் துறைமுகத்தில் பெயர் கொடுக்காதவர்கள் அடுத்த கப்பலுக்குத்தான், அதற்குப் பதினைந்து நாள் ஆகும். பதினைந்து நாள் கிடைத்தால் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டான் ரெங்கசாமி. இரண்டு வருஷத்தில் கேட்காத மகராசன்!

புறப்படுகிற நாள் காலையில் லயத்து வாசலில் காரை நிறுத்தி, சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டான். ஒன்றரை விரல். மேடு வரைக்கும் தாராளமாகப் போகும், மேட்டைத் தாண்டாது. அவன் நிமிர்ந்தபோது புஷ்பவல்லி டிரங்குப் பெட்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"இருக்கா மாமா?" என்று கேட்டாள்.

"இருக்கு, இருக்கு" என்று சீட்டைப் போட்டு மூடினான்.

கன்னையா முன்னால் உட்கார்ந்தான், அவள் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தாள். வழியெல்லாம் கன்னையாதான் பேசினான். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடம், ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்களே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரெங்கசாமிக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. மைல்கல்லை எண்ணிக்கொண்டே வந்தான்.

மூக்குத்தூக்கி வந்தது. கார் பாதி மேடு ஏறியது, இருமியது, குலுங்கியது, நின்றது. அவன் நினைத்த இடத்துக்கு நாலு முழம் முன்னால் பின்னால்கூட இல்லை. கைகாரன்தான், இல்லையென்று யார் சொன்னது?

"பெட்ரோல் ஓடலை மச்சான்" என்றான். அது பொய்கூட இல்லை.

கன்னையா இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டான். "வீட்டைக் காலி பண்ணிக் குடுத்திட்டேனே மாப்பிள்ளை! பதினஞ்சு நாளைக்கு எங்க போயி ஒண்டுவேன்?"

"எங்கிட்ட இருங்க" என்று ரெங்கசாமி சொன்னான். மச்சானைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. புஷ்பவல்லி காரைவிட்டு இறங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று பார்த்தான். அழவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மேட்டோரத்தில் ரோட்டு வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் வீரம்மா என்று ஒருத்தி, தலையில் சும்மாடும் இடுப்பில் கையுமாக, காரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னாண்ணே, நின்னுபோச்சா?"

"பெட்ரோல் ஓடலைம்மா."

"அட, அதான் லா கேக்குறேன். கோஸ்தான் அடிக்க வேண்டியதுதானே? நித்தமும் பஸ் ஓட்டுற சீனரு வண்டியைத் திருப்பிப் போட்டு, கோஸ்தான்ல பின்பக்கமாத்தான் ஏறிப் போறாரு. நாங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். பின்னால இருந்து முன்னால ஓடிவராதா எண்ணெய்?"

ரோட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னையா கையைத் தலையிலிருந்து எடுத்தான்.

"கோஸ்தான்ல ஏறுமா மாப்பிள்ளை?"

ஏறும். எந்தப் பச்சைப்பிள்ளை டிரைவருக்கும் தெரியும். காரைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றினால் டாங்கி மேலே, இன்ஜின் கீழே. கடைசிச் சொட்டு வரைக்கும் ஓடிவந்துவிடும். ஸ்டாண்டில் புதுப் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான். வேறொரு டிரைவர் சொல்லியிருந்தால் ஏதாவது சால்ஜாப்புச் சொல்லியிருப்பான். கல் சுமக்கிற ஒருத்தி, ஏழெட்டுப் பேருக்கு முன்னால்!

"சும்மா கெடண்ணே, பயமா இருந்தா விடு. தொப்பி வச்சவனெல்லாம் டிரைவரா?" என்றாள் வீரம்மா.

போதாதா? ரெங்கசாமிக்குக் காது மடல் சிவந்துபோயிற்று.

"யாருக்குப் பயம்? தள்ளு எல்லாரும்!"

பிரேக்கை விட்டுக் கீழே உருட்டினான், ஆட்கள் பிடித்துத் திருப்பினார்கள், ஒரே சுற்றில் இன்ஜினைக் கிளப்பினான். கன்னையாவும் மற்றவர்களும் முன்பக்கம் கை கொடுத்துத் தள்ளத் தயாராக நின்றார்கள். "அக்கா உள்ளேயே இருக்கட்டும். கனம் இருந்தாத்தான் சக்கரம் வழுக்காது" என்றாள் வீரம்மா. அதனால் காருக்குள் அவனும் அவளும் மட்டும்தான்.

பின்பக்கமாக ஓட்டுகிறவன் பின்னால் பார்த்துத்தானே ஓட்ட வேண்டும்? இடது கையைச் சீட்டின் முதுகில் போட்டு, உடம்பை முறுக்கித் திரும்பினான். நேர் எதிரே புஷ்பவல்லியின் முகம். ஒரு முழ தூரம்கூட இல்லை. இரண்டு வருஷம் தட்டைப் பார்த்தே கழித்தவனுக்கு அந்த முகத்தை விட்டால் பார்க்க வேறு இடமே இல்லாதபடி சாமி கொண்டுவந்து வைத்தது. அவள் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். உதடு ஏதோ சொல்லப் போகிற மாதிரி அசைந்தது. அவன் அவள் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தான். வலது சக்கரம் கல்லில் ஏறாமல், இடது சக்கரம் ஓடையில் இறங்காமல், நூல் பிடித்த மாதிரி ஏற்றினான். உச்சியில் போய் நிறுத்தியபோது கீழே கை தட்டினார்கள். வீரம்மாகூடத் தட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

திரும்பிப் பார்த்தபோது புஷ்பவல்லி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்! இன்னும் நம்பிக்கை முழுசாகப் போகவில்லை; குச்சியை விட்டால் அரை விரல்கூட இருக்காது. கிள்ளானில் பெட்ரோல் கடையைக் கண்டதும் "போட வேணாமா மாப்பிள்ளை?" என்று கன்னையா கேட்டான். "போதும் மச்சான்" என்று நிற்காமல் தாண்டினான். துறைமுகத்துக்கு இன்னும் ஐந்து மைல், சதுப்பும் சேறுமான ரோடு, அங்கே நின்றுவிடாதா? நில்லேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினான். அது போய்க்கொண்டே இருந்தது. வாடகைக்குப் போகும்போதெல்லாம் மக்கர் பண்ணுகிற கார், அன்றைக்கு என்றைக்கும் இல்லாத ஒழுங்கு. ஒரு தரம் இருமியது. அப்போதும் பாருங்கள், இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போய் சோக்கை இழுத்துச் சரிசெய்தது. கப்பலின் புகைபோக்கி தெரிந்தபோது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டரை மணிக்கெல்லாம் துறைமுகத்தில் இருந்தார்கள். கன்னையா சீட்டுகளை எடுத்துக்கொண்டு பெயர் எழுதுகிற கிராணியிடம் ஓடினான். ரெங்கசாமி பெட்டியை இறக்கி வைத்தான். புஷ்பவல்லி அதன் பக்கத்தில் நின்றாள்.

"காலையில நீங்க குச்சி விட்டதை நான் பாத்தேன் மாமா" என்றாள். "பாதி வழிக்குத்தான் இருக்குன்னு தெரியும். அண்ணன்கிட்ட சொல்லலை."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மேட்டுல நின்னதும் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். யாரோ ஒருத்தி சிரிச்சாங்கிறதுக்காக ஏத்திட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏத்துறப்பவாவது மூஞ்சியைப் பாப்பீங்கன்னு பாத்தேன். நீங்க ரோட்டைத்தான் பாத்தீங்க."

"புஷ்பம்" என்றான். அதற்கு மேல் வருவதற்குள் கன்னையா வந்துவிட்டான். பின்னால் ஊருக்குப் போகிற சனம் பத்துப் பதினைந்து பேர். வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லி வாய் வலித்திருக்கும் அவனுக்கு.

"இவருதாங்க எங்க மாப்பிள்ளை! டாங்கியில சொட்டுப் பெட்ரோல் இல்லை. மூக்குத்தூக்கி மேட்டைக் கோஸ்தான்லயே ஏத்திட்டாரு பாருங்க! இவரு மட்டும் இல்லேன்னா கப்பலை விட்டிருப்போம். இந்தக் கிள்ளான் ரோட்டுல இப்படி ஒரு டிரைவர் உண்டா?"

"மெய்யாவா? சொட்டு இல்லாமலா?" என்றார் ஒரு பெரியவர்.

ரெங்கசாமி சிரித்தான். அடப்பாவி, வேண்டுமென்று சிரிக்கவில்லை. பாராட்டைக் கேட்டால் அந்த மூஞ்சி அப்படித்தான் போகும், அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது. அடக்கப் பார்த்தான், அதற்குள் புஷ்பவல்லி பார்த்துவிட்டாள்.

கன்னையா பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். சனமெல்லாம் கப்பல் படியை நோக்கி நகர்ந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைசியாக ஒரு தரம் அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"ஊர்ல கேட்டா சொல்றேன் மாமா. எங்க மாமா நல்ல டிரைவருன்னு."

போகாதே. ஒரே வார்த்தைதான். அண்ணன் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தான், கூப்பிட்டால் திரும்பியிருப்பான். ரெங்கசாமி வாயைத் திறந்தான்.

"சரி" என்றான்.