மூலை மேசையின் கடைசி வாய்

மார்ச் 14, வெள்ளி. ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன், இன்றுதான் தெரிந்தது. கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் அருகருகே வைத்தால் 'இன்னும் சாப்பிடுகிறேன்' என்று பொருள், குறுக்கே வைத்தால் 'முடித்துவிட்டேன்' என்று பொருள் என வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது நேர்மாறு.

மாலை வகுப்பு ஆசிரியர் தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருந்ததால் தம்பி எழுதியது இவ்வளவுதான். நடந்ததோ நாலு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். பெற்ற அப்பாவே அப்படித்தான் கூப்பிடுவார். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பான். எதையும் இரண்டு முறை அளந்துவிட்டு மூன்றாம் முறை சந்தேகப்படுவான். அப்படிப்பட்டவனையும் ஒரு முள்கரண்டி கவிழ்த்துவிட்டது.

அவனுடைய அக்கா ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் தற்காலிக வேலையில் இருந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது ஆளை நிரந்தரமாக்கும் முன், மூலை மேசைக்கு மட்டும் ஒருநாள் முழு விருந்தையும் அவரே தனியாகச் சமைக்க வேண்டும். விருந்து என்றால் டேஸ்டிங் மெனு. கேட்டு வாங்க முடியாது. அவர்கள் நினைத்ததை, நினைத்த அளவில், ஒவ்வொரு தட்டாக வைப்பார்கள். தலைமைச் சமையல்காரர் சமைத்ததை ருசி பார்க்க மாட்டார், திரும்பி வரும் தட்டைத்தான் பார்ப்பார். தட்டு காலியாக வந்தால் வேலை. மிச்சம் வந்தால் வீடு. அதனால் அவருக்குத் 'தராசு' என்று பெயர்.

அக்கா யோசித்தாள். முன்பின் தெரியாதவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்து, பசியில்லை என்று பாதியில் எழுந்துபோனால் என்ன செய்வது? தம்பியை விட்டு அதே மேசையைப் பதிவு செய்யவைத்தாள்.

"நம்ம வீட்டு ஆளுங்க தட்டுல பூனைக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாது. தராசு அசந்துடுவார். ஆனா ஒண்ணு, என்னைத் தெரிஞ்ச மாதிரி யாரும் காட்டிக்கக் கூடாது. தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும்."

அவள் மறந்துபோனது ஒன்று. அந்த வீட்டில் தட்டு காலியாவது உண்மைதான். ஆனால் எப்படிக் காலியாகும்? இருப்பதிலேயே நல்ல துண்டை ஓரமாக ஒதுக்கி, மற்றதைத் தின்று, கையை எடுத்து, தண்ணீர் குடித்து, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் அந்தக் கடைசி வாய். வாயில் நல்ல ருசியோடு எழுந்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், எதுவும் மேல் மாடியில் போய்த்தான் நிற்க வேண்டும் என்று நம்புகிறவர்.

வெள்ளி மாலை அப்பா, அம்மா, மாமா, தம்பி நால்வரும் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. பழைய சோபாக்களுக்கு உறை மாற்றித் தருகிற தொழில். உட்கார்ந்ததும் நாற்காலியின் அடியைத் தடவிப் பார்த்து, "பஞ்சு நல்ல பஞ்சுதான்," என்று சான்றிதழ் கொடுத்தார்.

எதிரே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சமையலறை. அக்கா வெள்ளைத் தொப்பியில் நின்றிருந்தாள். அம்மாவின் கை தானாக மேலே எழுந்தது. தம்பி அதைப் பிடித்து இறக்கினான்.

"கை காட்டாதம்மா!"

"தலையைத்தாண்டா சரி பண்ணினேன்."

முதல் தட்டில் வாட்டிய ரொட்டித் துண்டுகளும், நடுவில் வெண்ணெய் போல மெத்தென்ற பாலாடைக்கட்டி உருண்டை ஒன்றும் வந்தன. நால்வரும் ரொட்டியைத் தின்றார்கள். உருண்டையைக் கண்ணால் மட்டும் தடவினார்கள். பிறகு தம்பி சொல்லிக்கொடுத்தபடியே கத்தியையும் முள்கரண்டியையும் பள்ளிப்பிள்ளைகள் போல் அருகருகே படுக்கவைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்தார்கள்.

டம்ளரைக் கீழே வைக்கும்போது தட்டைக் காணோம்.

பரிமாறுகிறவர் நெட்டையான மனிதர். காலடிச் சத்தமே இல்லை. நாலு தட்டையும் கையில் அடுக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

"என் உருண்டை!" என்றாள் அம்மா.

"கத்தாத அக்கா," என்றார் மாமா. "பெரிய இடத்துல அப்படித்தான். வழிச்சு நக்க விடமாட்டாங்க. கொஞ்சம் மிச்சம் வெச்சாத்தான் கௌரவம்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"இந்த மாதிரி இடத்துக்கு எத்தனை சோபா தச்சிருக்கேன்!"

இரண்டாவது தட்டு, காளான் ரிசோட்டோ. குழைந்த சோற்றின் உச்சியில் ஒரு முழுக் காளான் குடை பிடித்து நின்றது. நாலு காளானும் ஓரத்துக்குப் போயின. கத்தியும் முள்கரண்டியும் ஒழுங்காகப் படுத்தன. நாலு காளானும் பறிபோயின. அப்பா இந்த முறை தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் இருந்தார். நெட்டையர் புன்னகையோடு ஓர் இழுப்பு இழுத்தார். ஊர்பேர் தெரியாத மனிதரோடு தட்டுக்காக மல்லுக்கு நிற்க முடியுமா? அப்பா விட்டுவிட்டார்.

மூன்றாவதாக மீன். மொறுமொறுவென்ற தோல் பகுதி நாலு தட்டிலும் தனியாகக் கிடந்ததைப் பார்த்து, நெட்டையரே குனிந்து கேட்டார்.

"ஏதாவது குறையாங்க?"

அப்பாவுக்கு மரியாதைதான் முதலில் வரும். "ஐயோ, இல்லீங்க. போதும் போதும்னு இருக்கு."

நெட்டையரின் முகம் சுருங்கியது. தம்பி கண்ணாடிச் சுவரைப் பார்த்தான். தராசு, மொட்டைத்தலை மனிதர், திரும்பி வந்த நாலு தட்டின் மேலும் குனிந்து நின்றார். ஒரு மீன்தோலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா இரண்டு கையாலும் தோள்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் மூலை மேசையைப் பார்த்த பார்வையில், நால்வரையும் எண்ணெயில் போட்டு எடுத்துவிடுவாள் போலிருந்தது.

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கே தப்பு? பக்கத்து மேசையில் ஒரு தம்பதி பேசிக்கொண்டிருந்தார்கள். கணவர் கத்தியையும் முள்கரண்டியையும் குறுக்கே வைத்துவிட்டு ஏதோ கதை சொன்னார். நெட்டையர் இரண்டு முறை கடந்துபோயும் அந்தத் தட்டைத் தொடவில்லை. கதை முடிந்தது, மீதியைச் சாப்பிட்டார், இரண்டையும் அருகருகே வைத்தார். தட்டு மாயமானது.

"மாத்தி சொல்லிட்டேன்," என்றான் தம்பி. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "எல்லாத்தையும் மாத்தி சொல்லிட்டேன். குறுக்க வைங்க! இனிமே குறுக்க வைங்க!"

"நேத்து ராத்திரி பூரா எங்களை உட்கார வெச்சு ஒத்திகை பார்த்தியேடா," என்றாள் அம்மா.

"மாப்ளே, நீ தேய்ச்ச கண்ணாடியைப் போட்டவன் கதி என்ன?" என்றார் மாமா.

நாலாவது தட்டு வந்தது. ராவியோலி. உருக்கிய வெண்ணெயில் பூரணம் வைத்த மாவுப் பைகள், சின்னதாக மூன்று, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக ஒன்று. உள்ளே உடையாத மஞ்சள்கரு இருக்கிறது என்றார் நெட்டையர். இதற்காகத்தான் அக்கா மூன்று மாதமாகக் கனவிலும் மாவு உருட்டினாள்.

"பெரிசை முதல்ல சாப்பிட்டுடுங்க," என்று தம்பி கெஞ்சினான்.

"பெரிசை முதல்லயா? அது எப்படிடா?" என்றார் அப்பா. புத்தி சொன்னதைக் கை கேட்கவில்லை. சின்னது மூன்றும்தான் முதலில் போயின. ஆனால் எல்லோரும் ஆயுதங்களைக் குறுக்கே வைத்தார்கள். நெட்டையர் வந்தார், பார்த்தார், போனார். வெற்றி! மாமா தன் பெரியதை ஒரே வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்பாவும் முடித்தார். தம்பியும் முடித்தான்.

அம்மா தன்னுடையதை அப்பாவின் தட்டில் வைத்தாள். பெற்றவளுக்குக் கடைசி வாய் என்பது தான் சாப்பிடுவதற்கு இல்லை.

"நீங்க சாப்பிடுங்க. அப்ப இருந்து ஒண்ணுமே சாப்பிடல நீங்க."

"எனக்கு எதுக்கு? தம்பி வளர்ற பிள்ளை." ராவியோலி தம்பியிடம் வந்தது.

"மாமா, நீங்க..."

"மச்சான் இருக்கும்போது நானா?"

கரு உடையாமல் அது மேசையை இரண்டு சுற்றுச் சுற்றியது. நாலு தட்டிலும் கத்தியும் முள்கரண்டியும் குறுக்கே கிடந்தன. நெட்டையர் கைகட்டி நின்றார். சமையலறையில் ஐந்தாவது தட்டு ஆறிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. தராசே வந்துவிட்டார்.

"இது ஏன் மிச்சம்?"

ராவியோலி அந்த நேரம் அம்மாவின் தட்டில் இருந்ததால் பதிலும் அவள் தலையில் விழுந்தது.

"மிச்சம் இல்லீங்க, கடைசிங்க. நல்லதைக் கடைசியாத்தான் சாப்பிடுவோம்."

"முதல் மூணு தட்டுலயும் விட்டிருந்தீங்களே?"

"எங்க விட்டோம்? உங்க ஆளு பிடுங்கிட்டுப் போனார்!"

"கத்தி முள்கரண்டியை ஒண்ணா வெச்சிருந்தாங்க சார்," என்றார் நெட்டையர், தன்மானத்தோடு.

மூன்று விரல்கள் தம்பியைக் காட்டின. தம்பி எழுந்து நின்றான். "நான்தான் சார். மாத்திச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

தராசு அவனை மேலும் கீழும் நிறுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "சரி, சாப்பிடுங்க. நான் பாக்கறேன்."

அம்மா சாப்பிட்டாள். மஞ்சள்கரு உடைந்து நாக்கில் இறங்கியது. அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு, வாழ்நாள் பழக்கத்தில், சொன்னாள்:

"பிரமாதம். ஆனா இவ எப்பவும் உப்பு ஒரு கல்லு கம்மியாத்தான் போடுவா."

சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்பவுமா?" என்றார் தராசு.

"அக்கா!" என்று மாமா முனகினார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதையும் தராசு பார்த்துவிட்டார்.

அவர் மேசைக் கூடையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, அம்மாவின் தட்டில் கிடந்த வெண்ணெயைத் துடைத்து வாயில் போட்டார். மென்றார். நெட்டையரே ஆச்சரியப்பட்டார். தராசு யார் சமையலையும் ருசி பார்த்து அந்த உணவகம் கண்டதில்லை.

"மூணு மாசமா இவ உப்பு எடுக்கற கையைப் பாத்தே நானும் அதைத்தாம்மா சொல்றேன்," என்றார். "கேக்கமாட்டா."

"வீட்டுலயும் அப்படித்தாங்க!" அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது. "சொன்னா, தம்பிக்கு இதுவே அதிகம்னு சொல்லுவா."

"கை நல்ல கை. ஆனா திருட்டு மேசை திருட்டு மேசைதான். இன்னிக்குச் சோதனை செல்லாது." தராசு கண்ணாடிப் பக்கம் திரும்பி, அக்காவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நாளைக்கு மத்தியானம் மறுபடி. மூலை மேசைக்கு ஆள் நான் பிடிப்பேன். உனக்குச் சித்தி, அத்தைன்னு எவ்வளவு தூரத்துச் சொந்தமா இருந்தாலும் சரி, வாசலோட நிறுத்திடுவேன்." போகிற போக்கில் அப்பாவிடம் குனிந்தார். "இன்னும் மூணு தட்டு இருக்கு. நிதானமா சாப்பிடுங்க. யாரும் பிடுங்கமாட்டாங்க."

அக்கா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தம்பிக்குத் தெரியவில்லை. பிறகு அவள் உப்பு ஜாடியை அருகில் நகர்த்தி வைத்ததைப் பார்த்தான்.

தூங்கப் போகும்முன் அன்றைய குறிப்பில் இன்னும் ஒரு வரி சேர்த்தான்.

நாளை: அக்காவைக் காலையில் உணவகத்தில் இறக்கிவிட வேண்டும். உள்ளே போகக் கூடாது.