ஆறு நிமிடம் முன்னால் எடுத்த நகல்

அலுவலகத்தில் அவளுக்குப் பொட்டலக்காரி என்று பட்டப்பெயர். ரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளுக்குக் காட்டும் செயலியை, அது ஓடத் தேவையான அத்தனையோடும் சேர்த்து ஒரே பொட்டலமாக, அவர்கள் மொழியில் இமேஜாக, கட்டுவாள். எந்த சர்வரில் இறக்கினாலும் அந்தப் பொட்டலம் பிரிந்து கன்டெய்னராகப் பிசகாமல் ஓடும். நான்கு வருடத்தில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. அந்த நல்ல பெயரை வைத்துத்தான் நாத்தனாருக்கும் அதே குழுவில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். தங்குவதற்குத் தன் வீட்டு மாடி அறையையும் ஒழித்துக் கொடுத்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, வாராவாரம் சர்வரை அணைத்துப் போடும் நேரத்தில், எல்லாம் படுத்துவிட்டது. கன்டெய்னர் எழும், பத்து விநாடியில் சாகும், மறுபடி எழும். போன வார இமேஜுக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், அதே பெயரில் வேறெதுவோ உட்கார்ந்திருந்தது. யாரோ பழையதன் மேலேயே எழுதியிருந்தார்கள். புதிதாகக் கட்டி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பழைய இமேஜ் எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு சார்" என்று எழுந்தாள் நாத்தனார். பத்தே நிமிடத்தில் செயலி ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். பொட்டலக்காரியும் தட்டினாள், மனதாரத்தான்.

பதினொரு மணிக்கு மேலாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு உங்க கணக்குலேருந்துதான் பழையது மேல ஏத்தியிருக்கு. இனிமே இந்தப் பொறுப்ப உங்க நாத்தனார் பாக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

ஆறு பத்துக்கு அவள் அம்மாவுக்குக் கண் காட்ட மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சர்வர் பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். ஏற்றியது அவளுடைய லேப்டாப்பேதான். நாத்தனாரின் நகல் எப்போது எடுத்தது என்று பார்த்தாள். ஞாயிறு மாலை ஆறு நாலு. அதற்கு முன்னால் அப்படி ஒரு நகலை நாத்தனார் எடுத்ததே இல்லை.

அலுவலக மாடிப்படியில் நாத்தனாரை நிறுத்திக் கேட்டாள்.

"நீங்க எப்படியும் சமாளிச்சிடுவீங்கன்னு நெனச்சேன் அண்ணி." நாத்தனார் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். "எத்தன நாள்தான் உங்க சிபாரிசுல வந்தவளாவே இருக்கறது? எனக்கும் ஒரு பேரு வேணாமா?"

"அதுக்கு எம்பேரையா கெடுக்கணும்?"

நாத்தனார் விடுவிடுவென்று படியிறங்கிப் போனாள். ஆனால் பொட்டலக்காரியைக் குடைந்தது வேறொன்று. லேப்டாப்பைத் திறக்கும் பின் நம்பர் வீட்டில் இன்னொருவருக்குத்தான் தெரியும்.

மதியமே வீட்டுக்குப் போனாள். வீட்டிலிருந்தே வேலை செய்யும் கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என் லேப்டாப்ப அவளுக்குத் தொறந்து குடுத்தீங்களா?"

"ஏதோ சின்ன வேலைன்னா. இவ்வளவு பெரிசாகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"நேத்து நான் வந்து தொட்டப்ப அது சூடா இருந்துது. யாராவது எடுத்தீங்களான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "அவதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னா... கூடப்பொறந்தவ. விட்டுடேன். வீட்டு விஷயத்த ஆபீஸ் வரைக்கும் இழுக்காத."

"ஆபீஸ் வரைக்கும் இழுத்தது நானா?"

நாத்தனார் செய்ததை ஆதங்கம் என்று சொல்லி ஆறிக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடம் கூட இருந்தவன், அவள் முகத்தைப் பார்த்து "யாரும் எடுக்கலயே" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தானே, அதுதான் ஆறவில்லை. அழுகை வரவில்லை.

கூடத்திலேயே உட்கார்ந்து மேலாளருக்கு எழுதினாள். ஆறு நாலு, ஆறு பத்து, யார் இயந்திரம், யார் கை, யார் திறந்துவிட்டது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அனுப்பும்போது கணவன் வாசற்படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பொறுப்பு அவளிடமே திரும்பி வந்தது. மேலாளர் மன்னிப்புக் கேட்டார். நாத்தனார் வெள்ளிக்கிழமை வேலையை விட்டாள். மாடி அறையையும் காலி செய்தாள். அண்ணன்தான் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். பொட்டலக்காரி அன்று வெகுநேரம் அலுவலகத்திலேயே இருந்தாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் பாக்கியில்லை.