கொழும்பில் இருக்கிற கர்ப்பம்

பூவரசங்குளத்து ஸஹீலாவுக்கு அவள் புருசன் நவ்பர் தலாக் சொல்லிவிட்டான். பத்து வருடக் குடித்தனத்தில் பிள்ளை இல்லை என்பதுதான் காரணம். அவனுடைய உம்மா, அஸ்னா என்றொரு பெண்ணைப் பேசியும் முடித்துவிட்டார்.

காதியார் கச்சு முகம்மதுவின் முன்னால் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தபோது ஸஹீலாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"புள்ள, வயித்தில ஏதும் தரிச்சிருக்கா?" காதியார் வழமையாக எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான் அது.

"ஓம். இருக்கு."

நவ்பர் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"எத்தின மாசம்?"

"மாசக் கணக்குத் தெரியாது. மூண்டு இருக்கு."

"மூண்டா? எங்க?"

"கொழும்பில."

சண்டை நின்று பயணப் பாஸ் கெடுபிடி தளர்ந்த கையோடு அவர்கள் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். இருவரிடமிருந்தும் எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் உண்டாக்கிய கருக்களில் வயிற்றில் வைத்தவை தங்கவில்லை. மிச்சம் மூன்றையும் உறைய வைத்திருந்தார்கள்.

காதியார் கண்ணாடியைக் கழற்றினார். வயிற்றில் பிள்ளையிருந்தால் அது பிறக்கும்வரை அவள் இத்தா என்னும் காத்திருப்பில் இருக்க வேண்டும். அதுவரை பிரிவும் முற்றுப் பெறாது. வயிறு ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்றால் என்ன செய்வது என்று அவர் படித்த எந்தக் கிதாபிலும் இல்லை.

"கரண்ட் போனா?" என்றார் பக்கத்திலிருந்த முன்ஸிர். ஊரில் நெல் ஆலை வைத்திருப்பவர், காதியாருக்குத் துணையாக வழக்குக் கேட்பவர்.

"கரண்டில்லக் காக்கா, அது வேற குளிர்" என்றாள் ஸஹீலா.

"வெளியில கிடக்கிறது எப்பிடிப் புள்ளையாகும்?" நவ்பர் கத்தினான்.

"கொழும்பில இருந்து வரேக்குள்ள பஸ்ஸில மூண்டுக்கும் பேர் வச்சது ஆரு? மூத்தவனுக்கு உங்கட கடைய எழுதினது ஆரு?"

நவ்பர் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தான்.

காதியார் கொழும்பு ஆஸ்பத்திரி டொக்டருக்குப் போன் எடுத்து, அறையே அதிரக் கத்திக் கேட்டார். கருக்கள் இருபது வருடமும் கெடாமல் இருக்குமாம். அழிப்பதென்றால் இருவரும் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"இருவது வருச இத்தாவா! அதுக்குள்ள நான் மௌத்தாயிடுவன்" என்றவர், அழிக்கக் கையெழுத்து வைக்கும்படி இருவரையும் கொழும்புக்கு அனுப்பினார்.

ஸஹீலா கையெழுத்து வைக்கப் போகவில்லை. அவன் வைப்பதைத் தன் கண்ணால் பார்க்கத்தான் போனாள்.

அங்கே தாதி பெரிய பால் தகரம் போலிருந்த ஒன்றின் மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை வழிந்தது. நவ்பர் எட்டிப் பார்த்தான். பேனையை வாங்கினான். திரும்பவும் எட்டிப் பார்த்தான்.

"அதுகளுக்குக் குளிராதா?"

தாதி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

இந்தக் கதை அஸ்னாவின் வாப்பாவுக்கு எட்டியது. "மூண்டு புள்ளக்காரனுக்குப் பொண்ணில்ல" என்று சம்பந்தத்தை முறித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நவ்பர் ஸஹீலாவின் படலையடியில் வந்து நின்றான்.

"சொன்ன தலாக்க மீட்டுக்கொள்ளலாமாம். காதியார் சொன்னார்."

"அதுகளுக்காக வந்தீங்களா, எனக்காக வந்தீங்களா?"

அவன் யோசித்தான். அந்த யோசனையே அவளுக்குப் போதுமாக இருந்தது. படலையைச் சாத்தினாள். குசினிக்குள் போய்த்தான் அழுதாள்.

வழக்கு இன்னும் தீரவில்லை. கருக்களைத் தொடர்ந்து வைத்திருக்க வருடத்துக்கு ஒருமுறை இருவரும் கொழும்புக்குப் போய் ஒப்பமிட வேண்டும். பிரிந்தவர்கள் தனியாகப் போகலாகாது என்று காதியார் முன்ஸிரையும் கூட அனுப்பினார். முதல் வருடம் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கும் ஆசனத்தில் அவர் இருவருக்கும் நடுவில் நெருங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம், யன்னலோரம் இருக்க வேணும், தலை சுற்றுது என்றார்.

ஸஹீலா நவ்பர் பக்கமாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.